பில் போட்டதும் பணம் கேட்கும் தரவுத்தளம்: திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரு செய்முறை

கம்பாக்டிங் (துணி சுருங்காதபடி பதப்படுத்துவது), காஜா பட்டன், அயர்னிங் என்று ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணிக்குக் கூலி வேலை, செய்யும் யூனிட்டுகளுக்குப் பில் போடுவது சிரமமில்லை. அந்தப் பணத்தை வசூலிப்பதுதான் சிரமம். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், வேலை கொடுத்த பார்ட்டியோ 'பில்லே வரவில்லையே' என்பார். உங்கள் பில் விவரம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தால், அங்கிருந்தே, இணையவழிப் பணவசூல் சேவையான ரேசர்பேயின் இன்வாய்ஸ் ஏபிஐயை (நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) அழைத்து, பணம் கட்டும் இணைப்பை அவர் கைபேசிக்கு அனுப்பிவிடலாம். எஸ்கியூஎல் ஓரளவு தெரிந்தால் போதும்.

படி 1: சாவி

ரேசர்பே கணக்கில் டெஸ்ட் மோடுக்குப் போய் ஏபிஐ சாவி எடுங்கள். ஒரு அடையாளமும் ஒரு ரகசியமும் கிடைக்கும். ரகசியத்தை ஒரே ஒருமுறைதான் காட்டுவார்கள், அப்போதே பத்திரப்படுத்துங்கள். டெஸ்ட் மோடில் உண்மையான பணம் நகராது, துணிந்து முயன்று பார்க்கலாம்.

சாவியை ஃபங்ஷனுக்குள் நேரடியாக எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷனின் மூலவரிகளை உள்ளே நுழையும் எந்தப் பயனரும் படிக்க முடியும். தனி டேபிளில் வைத்து, மற்றவர்களின் அனுமதியை ரிவோக் செய்யுங்கள்.

படி 2: எக்ஸ்டென்ஷன்

போஸ்ட்கிரெஸ் தானாக இணையத்தோடு பேசாது. எச்டிடிபி என்ற எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) சர்வரில் நிறுவி, கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளை கொடுக்க வேண்டும். வாடகை சர்வர் என்றால் இதை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: டேபிள்

பில் எண், பார்ட்டி பெயர், கைபேசி, தொகை, நிலை, இன்வாய்ஸ் அடையாளம், இணைப்பு, கடைசிப் பதில் ஆகிய நெடுவரிசைகள் (காலம்) போதும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயருக்கு உச்சவரம்பு 63 பைட். யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் தனித்தனியே 3 பைட் பிடிப்பதால், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும்.

தொகைக்கு நியூமெரிக் வகைதான். ஃபிளோட் வேண்டவே வேண்டாம். காரணம், ஏபிஐ பைசாக் கணக்கில், முழு எண்ணாகத்தான் தொகை கேட்கிறது. கிலோ 7.50 ரூபாய் வீதம் 420 கிலோ கம்பாக்டிங் என்று வைத்துக்கொள்வோம். கூலி 3,150 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 157.50, மொத்தம் 3,307.50. நீங்கள் அனுப்ப வேண்டியது 330750. நூறால் பெருக்க மறந்து 3307 என்று அனுப்பினால் பார்ட்டிக்கு 33 ரூபாய்ச் சொச்சத்துக்குப் பில் போகும். அவர் உடனே கட்டியும்விடுவார்.

படி 4: அழைப்பு

ஏபிஐக்கு அனுப்பும் உள்ளடக்கத்தை ஜேசான்பி பில்ட் ஆப்ஜெக்ட் ஃபங்ஷனால் ஜேசான் வடிவில் கட்டுங்கள். டைப் என்பதற்கு இன்வாய்ஸ். கஸ்டமருக்குள் பெயரும் கைபேசியும். லைன் ஐட்டம்ஸில் வேலையின் பெயர், தொகை, நாணயம், எண்ணிக்கை. எடை 420.650 கிலோ என்று வருவதுண்டு. அதை எண்ணிக்கையில் திணிக்காமல், எண்ணிக்கையை 1 என்று வைத்து, எடையை விவரணையில் எழுதிவிடுங்கள். ரிசீப்ட் என்ற இடத்தில் உங்கள் பில் எண் கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

அடையாளத்தையும் ரகசியத்தையும் முக்காற்புள்ளியால் இணைத்து, பேஸ் 64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, பேசிக் என்ற சொல்லுக்குப் பின் ஆதரைசேஷன் ஹெடரில் வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் என்கோட் ஃபங்ஷன் 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். உடைந்த ஹெடர் செல்லாது. ரிப்ளேஸ் போட்டு வரி முறிவை நீக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் 200 என்று பதில் வரும். அதிலுள்ள இன்வாய்ஸ் அடையாளத்தையும் குறுஞ்சுட்டியையும் (பணம் கட்டும் இணைப்பு) டேபிளில் எழுதுங்கள். 401 என்றால் சாவி தவறு. 400 என்றால் பதிலுக்குள் இருக்கும் டிஸ்கிரிப்ஷனைப் படியுங்கள், எந்த விவரம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கும்.

படி 5: டிரிகர் வேண்டாம்

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பில் வரி சேர்ந்ததும் டிரிகர் (டேபிள் மாறியதும் தானாக ஓடும் ஃபங்ஷன்) ஏபிஐயை அழைக்கட்டும் என்று தோன்றும். ஆனால் டிரான்ஸாக்ஷன் பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனால் உங்கள் டேபிளில் இருக்கும் வரிதான் மறையும். பார்ட்டிக்குப் போன குறுஞ்செய்தி திரும்பி வராது. இன்னொன்று, இந்த எக்ஸ்டென்ஷன் இயல்பாக 5 வினாடிதான் காத்திருக்கும். இணையம் மந்தமான நேரத்தில் உங்கள் பக்கம் பிழை என்று முடிந்திருக்கும், அந்தப் பக்கம் இன்வாய்ஸ் உருவாகியிருக்கும். மறுபடி அனுப்பினால், 'என்னங்க, ஒரே துணிக்கு இரண்டு பில்லா?' என்று போன் வரும்.

ஆகவே பில் போடும்போது நிலையைக் 'காத்திருக்கிறது' என்று மட்டும் எழுதுங்கள். தனி புரொசீஜர் ஒன்று, காத்திருப்பதில் ஒன்றை ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு போட்டு (அதே வரியை இன்னொரு ஓட்டம் எடுக்காதபடி பூட்டி) எடுத்து, 'அனுப்பப்படுகிறது' என்று மாற்றிக் கமிட் செய்துவிட்டு, அதன்பின் ஏபிஐயை அழைக்கட்டும். புரொசீஜருக்குள் கமிட் செய்யும் வசதி போஸ்ட்கிரெஸ் 11 முதல் உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பிஜி கிரான் எக்ஸ்டென்ஷன் அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும். 'அனுப்பப்படுகிறது' என்றே நின்றுபோன பில்லைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் அந்த ரிசீப்ட் எண்ணைக் கொடுத்து இன்வாய்ஸ் பட்டியலைக் கேளுங்கள். அங்கே இருந்தால் அடையாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

படி 6: பணம் வந்ததா?

வெப்ஹூக் (பணம் வந்ததும் நீங்கள் தரும் முகவரிக்குத் தானாக வரும் அழைப்பு) வைத்தால் ரேசர்பேயே தகவல் சொல்லும். ஆனால் அதற்குப் பொதுவெளியில் ஒரு முகவரி வேண்டும். யூனிட்டின் ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அது இருக்காது, அதற்காக அதை இணையத்தில் திறந்து வைப்பதும் நல்லதல்ல. நிலுவையில் உள்ள இன்வாய்ஸ்களின் நிலையை மணிக்கு ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்வதே எளிது. பகுதிப் பணம் கட்ட அனுமதித்திருந்தால், பதிலில் இருக்கும் மீதித்தொகையையும் சேர்த்து எழுதுங்கள். பாக்கிப் பட்டியல் ஒரு செலக்டில் வந்துவிடும்.

உண்மையான சாவிக்கு மாறும் முன் டேபிளில் கிடக்கும் சோதனை பில்களை அழித்துவிடுங்கள். பிறகு உங்கள் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய் பில் போட்டு, பணம் கட்டி, நிலை மாறுகிறதா என்று பாருங்கள்.