ஆடியில் போட்ட பாலிசி சித்திரையில் ஏன் செத்துப்போகிறது? கரையோரக் குடும்பங்களுக்குப் பணத்திட்டம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கரை முழுக்க இப்போது குடும்பங்களுக்குப் பணத்திட்டம் போட்டுக்கொடுக்க இளம்பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். காப்பீட்டு முகவர்கள், மியூச்சுவல் பண்டு விநியோகஸ்தர்கள், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் என்று எல்லா வகையிலும் இருக்கிறார்கள். நல்லது செய்ய வேண்டும் என்றுதான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள்.

படிவத்தில் பெயர் மாறுவது, பான் எண்ணும் ஆதாரும் பொருந்தாமல் போவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை விண்ணப்பம் திரும்பி வந்தால் அவை தானாகத் திருந்திவிடும். யாரும் திருப்பி அனுப்பாத தவறுகள்தான் குடும்பத்தைக் கெடுக்கின்றன.

மாதச் சம்பளக்காரரின் திட்டத்தைக் கடல் தொழிலாளிக்குப் போடுவது

எத்தனை முறை பார்த்தாலும் இதற்கு மட்டும் மனம் ஆறுவதில்லை.

புதியவர்கள் முதல் சந்திப்பிலேயே, "மாசம் எவ்வளவு சேமிக்க முடியும்?" என்று கேட்கிறார்கள். விசைப்படகில் போகும் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலே கிடையாது. கேட்டவர் மனம் கோணக்கூடாது என்று ஏதோ ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகையை வைத்து இருபது வருடத் திட்டம் போட்டுவிடுவார்கள்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சித்திரை பிறந்த மறுநாளே விசைப்படகுகள் கட்டிவிடும். மிச்சம் 304 நாள், அதாவது 43 வாரம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்; மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆக, எதுவும் தடங்கல் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 130 நாள். புயல் எச்சரிக்கை வந்து கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் நிற்கும் நாள், வேலைநிறுத்தம், இன்ஜின் பழுது எல்லாவற்றையும் கழித்தால் இன்னும் இறங்கும்.

தங்கச்சிமடத்தில் நடந்ததைப் பாருங்கள். தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய ஒரு மாதம். இறால் நன்றாகப் பட்டிருந்தது, பங்குக் காசு கையில் புழங்கியது. அப்போது ஒரு முகவர் வந்து இருபது வருட எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் காப்பும் சேர்ந்தது) போட்டார். மாதம் 3,000 ரூபாய், ஏறத்தாழ 6 லட்சம் காப்பு, ஜூலை 20இல் தொடக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு தவணையை நகையை வைத்துக் கட்டினார்கள். மார்ச் 20 வரை ஒன்பது தவணை, 27,000 ரூபாய் போயிருந்தது. பத்தாவது தவணை ஏப்ரல் 20. படகு கட்டி ஐந்தாம் நாள். தேதி தவறினாலும் கட்டத் தரும் சலுகை நாள் மாதத் தவணைக்கு 15தான். மே 5இல் பாலிசி காலாவதி.

ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, என்ற பேச்சே வரும். 2024 அக்டோபர் 1இல் வந்த தளர்வான விதிப்படியும் அப்படித்தான். மூன்று தவணை குறைந்ததால் கையில் ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம். ஆனால் பாக்கித் தவணை, அதற்கு வட்டி, உடல்நல உறுதிமொழி எல்லாம் வேண்டும். அந்த வீட்டில் பாலிசிப் பத்திரம் ரேஷன் கார்டோடு பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. அது உயிரோடு இருப்பதாகவே அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார்.

ஆடியில் தொடங்கும் மாதத் தவணை பத்தாவது மாதத்தில் தடைக்காலத்தில் போய் முட்டும். இது தற்செயல் இல்லை. காசு புழங்கும் மாதத்தில்தான் விற்பவர் வருகிறார். அதனால் வருடா வருடம் இதேதான் நடக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு எப்படிப் போட வேண்டும்?

முதல் நாள் படிவமே வேண்டாம். ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போடுங்கள், தமிழ் மாதத்தில். வரவு, செலவு, கடன் தவணை என்று மூன்று வரிசை. வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லட்டும். அரை மணி நேரத்தில் ஒரு விஷயம் தெரிந்துவிடும். வரவே இல்லாத வைகாசியில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. படகு உரிமையாளராக இருந்தால் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடிக்கும் செலவும் அதே இரண்டு மாதத்தில்தான்.

பிறகு தடைக்காலக் கையிருப்பு. வீட்டுச் செலவு மாதம் 15,000 என்றால் இரண்டு மாதத்துக்கு 30,000. பள்ளிச் செலவு 20,000. மொத்தம் 50,000. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 போக 42,000. தொழில் நடக்கும் 43 வாரத்தில் வகுத்தால் வாரம் 1,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பங்கு பிரிப்பதே வாரக்கணக்கில் என்பதால் சேமிப்பும் வாரக்கணக்கில்தான் நிற்கும். மாதத் தவணை தவறினால் அபராதம் போடும் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) இதைப் போடாதீர்கள். வீட்டம்மாவின் பெயரில், ஏ.டி.எம். கார்டு இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கே போதும். இந்தக் கையிருப்பு இல்லாவிட்டால் அதே 42,000 மூணு ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்கப்படும். மாதம் 1,260. பத்து மாதம் இழுத்தால் 12,600, அசல் அப்படியே.

இது நின்ற பிறகுதான் காப்பு. அதுவும் சின்னதிலிருந்து. பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா வருடம் 436 ரூபாய், எந்த மரணத்துக்கும் 2 லட்சம், சேர வயது 18 முதல் 50. சுரக்ஷா பீமா வருடம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், 70 வயது வரை. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குக் குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. உறுப்பினர் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் தொகை தரும் காப்பு) வேண்டும் என்றால் வருமானச் சான்று கேட்பார்கள். பலர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதே இல்லை. அதை முதலில் தொடங்கிவைத்து, அடுத்த வருடம் பாலிசிக்குப் போவதில் தவறில்லை. பிரீமியத்தை வருடத்துக்கு ஒருமுறையாக, ஆடி ஆவணியில் விழும்படி வையுங்கள். சலுகை நாளும் 30 கிடைக்கும். தடைக்காலம் முழுக்கப் பாலிசி உயிரோடு இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பழைய கட்டண அட்டையைக் காட்டி 18 சதவீதம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

கட்டத்தை ஒரு வீட்டுக்குப் போட்டுவிட்டு நகலெடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் நடக்கிறது. நாட்டுப்படகுக்கு இந்த 61 நாள் தடை இல்லை. அவர்களுக்குக் காற்றுதான் காலண்டர். வாடைக் காற்று அடித்தால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் நேர்மாறு. கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்கு 45 நாளுக்கு ஒருமுறை அறுவடைக் காசு. ஒரே தெருவில் மூன்று காலண்டர் இருக்கும்.

வியாபாரி முன்பணத்தைக் கடன் பட்டியலில் எழுதாமல் விடுவது

"கடன் எவ்வளவு?" என்றால் வங்கிக் கடன், நகைக்கடன், வெளி வட்டி மூன்றையும் சொல்வார்கள். வலைக்கோ இன்ஜினுக்கோ வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் வராது. அதற்கு வட்டி கிடையாதே, எப்படிக் கடனாகும் என்பது அவர்கள் எண்ணம்.

வட்டி விலையில் ஒளிந்திருக்கிறது. முன்பணம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த இறாலை அவருக்கே போட வேண்டும், கரை விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து. ஒரு தடவைக்கு 50 கிலோ, வருடத்தில் 100 தடவை. 5,000 கிலோ, 1 லட்சம் ரூபாய். வருடத்துக்கு 33 சதவீத வட்டி, அசலில் ஒரு ரூபாய் குறையாமல். ஆகவே "பிடிச்சதை யாருக்குப் போடுறீங்க, கரை விலைக்கும் அவர் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேளுங்கள்.

அதற்காக உடனே உறவை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிடாதீர்கள். அந்த வியாபாரிதான் நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காசு கொடுப்பவர். மீனவருக்கும் 2018-19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு. ஒரு வரம்பு வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். டீசல், ஐஸ் செலவை முதலில் அங்கே மாற்றி, மிச்சப்படும் காசில் முன்பணத்தைச் சிறுகச் சிறுக அடைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

ஜாமீன் கையெழுத்தைக் கேட்காமல் விடுவது

மச்சானுக்குப் போட்ட கையெழுத்தும் கடன்தான். எழுதுங்கள்.

துபாய்க்கு மட்டும் போன் போடுவது

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சம்பாதிப்பவர் வளைகுடாவில் இருப்பார். ஆலோசகர் வாட்ஸ்அப்பில் அவரோடு பேசி முடித்துவிடுவார். ஆனால் காசைப் பிடித்து நடத்துவது ஊரில் இருக்கும் மனைவி அல்லது தாயார். கல்யாண மொய், வைத்தியம், கொத்தனார் கூலி, நகைச் சீட்டு எல்லாம் அவர்கள் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்க்காத திட்டம் பாதித் திட்டம்தான். நடையில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் கூட இருக்க, மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

வட்டி வேண்டாம் என்பது இங்கே பல குடும்பங்களில் மார்க்க நெறி. அதைக் கேட்காமல் வைப்பு நிதி அட்டவணையை எடுத்து நீட்டினால் மறுத்துப் பேசமாட்டார்கள்; அடுத்த முறை கதவு திறக்காது. ஷரியா நெறிப்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் பண்டுகள் இருக்கின்றன. அவை பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வைப்பு நிதிக்கு மாற்றாக அவற்றைக் காட்டக்கூடாது.

பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கமுள்ள குடும்பத்தில் போய், "வீட்டில் முடங்கிய பணம் வளராது" என்று பேசாதீர்கள். அவர்களுக்கு அதுதான் முதல் இலக்கு. இரண்டு பெண் என்றால் இரண்டு வீடு, எந்த வருடம், எவ்வளவு என்று எழுதிவிட்டு, மீதத்தில் ஓய்வுக்காலத்தைப் பாருங்கள். அங்கேதான் பள்ளம் இருக்கும். வேலை முடிந்து வரும்போது "கம்பெனியில் பெரிய தொகை வரும்" என்று நம்பியிருப்பார்கள். அமீரகச் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதன்பின் வருடம் 30 நாள் சம்பளம். அதுவும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். கையில் 3,500 திர்ஹம் வாங்கினாலும் அடிப்படை 2,000 என்றால், இருபது வருடத்துக்கு 555 நாள், 37,000 திர்ஹம். இந்தக் கணக்கை நாற்பது வயதில் காட்டுங்கள். ஐம்பத்தைந்தில் காட்டி அவர் என்ன செய்ய முடியும்?

வெளிநாடு போனவுடன் ஊர்ச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். பலர் மாற்றுவதில்லை. அவர் பெயரில் புதிதாகப் பி.பி.எப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கவும் முடியாது.

நாமினி எழுதியாச்சு, போதும் என்பது

வங்கி வைப்புக்கு நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், உரிமை வாரிசுகளுக்கு. ஆயுள் பாலிசியில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சேரும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயர் எழுதியது அப்படியே கிடக்கிறதா என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

கடன் தலைக்குமேல் இருக்கும் படகு உரிமையாளருக்கு இன்னொன்று. பாலிசியை 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுத்தால் பொதுவாகக் கடன்காரர் அந்தத் தொகையைத் தொட முடியாது. மனைவி, பிள்ளைகளுக்கே போகும். பாலிசி எடுக்கும் அன்றே எழுத வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

கமிஷனைச் சொல்லாமல் விடுவது

கேட்கும் முன் சொல்லிவிடுங்கள். கட்டணமா, கமிஷனா, எவ்வளவு என்று.

ஜூன் கடைசியில் போய் நிற்பது

படகு இறங்கிய இரண்டு வாரம் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். வருடாந்தரச் சரிபார்ப்புக்கு ஏற்ற நேரம் தடைக்காலம்தான். ஆண்கள் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளுக்கு லீவு, போன வருடக் கட்டமும் இந்த வருட நடப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேரம் இருக்கும். விற்க எதுவும் கொண்டுபோகாதீர்கள். அந்த மாதத்தில் வாங்க அவர்களிடம் காசில்லை.

ஜீவன் ஜோதிக்கும் சுரக்ஷாவுக்கும் வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. வங்கி காசை எடுப்பது மே கடைசியில், வீட்டில் காசு வற்றிக்கிடக்கும் வாரத்தில். கணக்கில் இல்லாவிட்டால் காப்பு அறுந்துவிடும். ஜீவன் ஜோதியில் மறுபடி சேர்ந்தால் முதல் 30 நாளுக்கு விபத்து அல்லாத மரணத்துக்குத் தொகை வராது. எனவே மே 20ஆம் தேதி உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். "அக்கா, அண்ணன் கணக்குல 456 ரூபா கிடக்கா? உங்க கணக்குல?"