திரை மாறும் வரை நிரலைக் காத்திருக்க வைப்பது எப்படி?

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை ஆயின. ஆனால் எங்கள் பக்கத்தில் பழைய பில்லிங் மென்பொருள் வைத்திருக்கும் பல கடைகளில், வாடிக்கையாளர் முகவரி இன்றும் ‘வேலூர் மாவட்டம்’ என்றுதான் கிடக்கிறது. சில பதிவுகளில் அதற்கும் முந்தைய மாவட்டப் பெயரான ‘வட ஆற்காடு’ என்றே இருக்கிறது.

சத்துவாச்சாரியில் தெரிந்தவர் ஒருவரின் தோல் பொருள் கடைக்கு இதைத் திருத்திக் கொடுத்தேன். அந்த மென்பொருளில் எக்செல் கோப்பை ஏற்றும் வசதி கிடையாது. ஒவ்வொரு பதிவாகத் திறந்து, மாவட்டத்தை மாற்றி, ‘சேமி’ அழுத்தி, அடுத்ததுக்குப் போக வேண்டும். நமக்குப் பதிலாக மவுஸையும் விசைப்பலகையையும் இயக்கும் பைஆட்டோஜியூஐ என்ற நிரலகத்தைக் கொண்டு பைத்தானில் இதை எழுதுவது சுலபம். கிளிக் செய், தட்டச்சு செய், கிளிக் செய், அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில். தகவல் முழுவதும் ராணிப்பேட்டை குடோனில் உள்ள கணினியில் இருக்கிறது. காலையில் ‘சேமி’ அழுத்தினால் உடனே முடிகிறது, மதியத்தில் இழுக்கிறது.

இதற்கு எல்லோரும் முதலில் போடுவது ‘ஸ்லீப் 5’, அதாவது ஐந்து நொடி சும்மா நில் என்ற கட்டளை. தயவுசெய்து வேண்டாம். அரை நொடியில் முடியும் வேலைக்கும் ஐந்து நொடி வீணாகிறது என்பது சின்ன நஷ்டம். ஆறு நொடி ஆகும் வேலைக்கு ஐந்து நொடிதான் காத்திருக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. பழைய பதிவு திரையில் இருக்கும்போதே புதிய பதிவுக்கான மாவட்டம் அதில் விழும். ஆம்பூர்க்காரர் ராணிப்பேட்டைக்காரர் ஆகிவிடுவார். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பைத்தான் நிறுவுவது, பிப் பயன்படுத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பைஆட்டோஜியூஐயோடு, படங்களை ஆராயும் நிரலகமான ஓப்பன்சிவியையும் சேர்த்து நிறுவிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகும் ‘கான்ஃபிடன்ஸ்’ வேலை செய்யாது.

படி 1: அடையாளப் படம்

திரையில் எது வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமோ, அதைச் சின்னதாக வெட்டி பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். அது படத்தைச் சுருக்கும்போது நிறங்கள் லேசாக மாறிவிடும், பொருத்தம் தப்பும். நிரல் ஓடப்போகும் அதே கணினியில்தான் படம் எடுக்க வேண்டும். விண்டோஸ் காட்சி அளவு ஒன்றில் 100 சதவீதமும் இன்னொன்றில் 125 சதவீதமும் இருந்தால் படம் பொருந்தவே பொருந்தாது.

மவுஸ் பொத்தானின் மேல் நின்றால் பல மென்பொருள்களில் பொத்தானின் நிறம் மாறும். அதனால் கிளிக் செய்தவுடன் மவுஸை ஒதுக்கி வையுங்கள். திரையின் மூலைக்கு மட்டும் தள்ளாதீர்கள். மவுஸ் மூலைக்குப் போனால் நிரலை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு பைஆட்டோஜியூஐயில் உண்டு. அதை அணைக்கவும் கூடாது. நிரல் தறிகெட்டு ஓடினால் நமக்கு இருக்கும் ஒரே பிரேக் அதுதான்.

படி 2: காத்திருக்கும் சுற்று

காத்திருப்பதை ஒரே ஒரு செயற்கூறாக எழுதி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். அமைப்பு இப்படி:

கெடு = இப்போதைய நேரம் + 30 நொடி
கெடு தாண்டாத வரை:
  படம் திரையில் இருக்கிறதா என்று பார்
  இருந்தால் அதன் இடத்தைத் திருப்பிக் கொடு
  இல்லையென்றால் 0.3 நொடி நில்
கெடு தாண்டினால்: பிழை எழுப்பு

நேரத்துக்கு டைம் மாட்யூலில் உள்ள ‘மோனோடானிக்’ பயன்படுத்துங்கள். கணினிக் கடிகாரத்தை இடையில் யாராவது திருத்தினாலும் அது பின்னால் போகாது. படம் திரையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு பைஆட்டோஜியூஐயின் ‘லொகேட் ஆன் ஸ்கிரீன்’. முன்பு படம் கிடைக்காவிட்டால் அது ‘நன்’ என்று வெறுமையைத் திருப்பித் தரும். இப்போதைய பதிப்புகள் ‘இமேஜ் நாட் ஃபவுண்ட்’ என்ற விதிவிலக்கை (எக்ஸெப்ஷன்) எழுப்புகின்றன. பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் முதல் சுற்றிலேயே நிரல் நின்றுவிடும். அதனால் ‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’ போட்டு, வெறுமை வந்தாலும் விதிவிலக்கு வந்தாலும் ‘இன்னும் வரவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுத் திரையையும் தேடினால் ஒவ்வொரு தடவையும் ஓரிரு நொடி போய்விடும். ‘ரீஜன்’ கொடுத்துத் தேடும் இடத்தைச் சுருக்குங்கள். அதில் நான்கு எண்கள்: இடது, மேல், அகலம், உயரம். கடைசி இரண்டும் வலது, கீழ் அல்ல. படம் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதுதான் கான்ஃபிடன்ஸ். அதை 0.9-இல் தொடங்குங்கள். எதுவும் கிடைக்கவில்லையே என்று 0.6 வரை இறக்கினால், இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும்.

படி 3: முதலில் பழையது போகட்டும்

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் படிதான்.

முதல் பதிவைச் சேமிக்கிறோம். கீழே ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் வருகிறது. நிரல் அதைப் பார்த்து அடுத்த பதிவுக்குப் போகிறது, மாவட்டத்தை மாற்றுகிறது, ‘சேமி’ அழுத்துகிறது, மறுபடி அந்தப் பச்சை எழுத்தைத் தேடுகிறது. உடனே கிடைத்துவிடுகிறது! ஏனென்றால் முதல் பதிவுக்கு வந்த செய்தி இன்னும் திரையில்தான் இருக்கிறது. காத்திருக்கும் சுற்று சரியாகவே எழுதியிருந்தும், நிரல் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி ‘இருக்கிறதா’ என்பதல்ல, ‘புதிதாக வந்ததா’ என்பது.

‘முதலில் மறையும் வரை காத்திரு, பிறகு தோன்றும் வரை காத்திரு’ என்பது வழக்கமான தீர்வு. செய்தி கொஞ்ச நேரமாவது மறைந்திருந்தால் இது போதும். ஆனால் காலையில் வேகமாக ஓடும்போது, நாம் பார்க்கும் இரண்டு தடவைக்கு நடுவிலேயே அது மறைந்து திரும்ப வந்துவிடும். மறைந்ததைப் பார்க்காத நிரல் கெடு வரை நின்று, பிழை என்று சொல்லும்.

அதனால் நான் பரிந்துரைப்பது வேறு. பதிவுக்குப் பதிவு கண்டிப்பாக மாறும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். இந்த மென்பொருளில் அது வாடிக்கையாளர் எண். பெயர் உதவாது, அடுத்தடுத்து ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். ‘அடுத்தது’ அழுத்துவதற்கு முன் அந்த எண் கட்டத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திய பிறகு அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். பைத்தானின் பட நிரலகமான பில்லோவில் ‘இமேஜ்சாப்ஸ்’ இருக்கிறது. அதன் ‘டிஃபரன்ஸ்’ கொடுக்கும் படத்தில் ‘கெட்பிபாக்ஸ்’ கேட்டால், இரண்டும் ஒன்றானால் வெறுமை வரும், வேறுபட்டால் வேறுபட்ட பகுதி வரும்.

மாறியவுடன் பாயவும் கூடாது. கட்டம் முதலில் காலியாகி, அப்புறம்தான் புதிய எண் வரும். ஆகவே மாறிய பிறகு, அரை நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் ஆகி, அது காலிக் கட்டமும் இல்லை என்று உறுதியாகும் வரை நில்லுங்கள். காலிக் கட்டத்தின் படத்தை முன்பே எடுத்து வைத்தால் இந்த ஒப்பீடும் சுலபம்.

ஒப்பிடும் கட்டத்துக்குள் தட்டச்சுக் கோடு மின்னக்கூடாது. விண்டோஸில் அது வழக்கமாக 530 மில்லிநொடிக்கு ஒருமுறை தோன்றும் அல்லது மறையும். எதுவுமே மாறாதபோதும் ‘மாறிவிட்டது’ என்று நிரல் நம்பும்.

படி 4: கெடு தாண்டினால்

நிறுத்துங்கள். முழுத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தப் பதிவில் நின்றது என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டு நிரல் முடியட்டும். ‘பரவாயில்லை, அடுத்ததுக்குப் போ’ என்று மட்டும் எழுதாதீர்கள். இது பிறர் முகவரி, பிறர் பில்.

எந்தக் கருவி?

புதிய சன்னல் திறப்பதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால் படமே வேண்டாம், விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்யும் ஆட்டோஹாட்கீயின் ‘வின்வெயிட்’ ஒரே வரியில் முடித்துவிடும். திரையில் படத்தைத் தேடியே வேலை செய்யும் சிகுலிஎக்ஸ் என்ற கருவியில் தோன்றக் காத்திருப்பதும் மறையக் காத்திருப்பதும் உள்ளேயே இருக்கின்றன. ஜாவா நிறுவச் சம்மதம் என்றால் நல்ல கருவி. வேலை பிரவுசருக்குள் என்றால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்யாதீர்கள். பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தின் ‘வெப்டிரைவர்வெயிட்’ அரை நொடிக்கு ஒருமுறை பக்கத்தையே கேட்டுப் பார்க்கும். எனக்குப் பிடித்தது அதே வகைக் கருவியான பிளேரைட். பொத்தான் அழுத்தத் தயாராகும் வரை அதுவே காத்திருந்துதான் கிளிக் செய்யும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடவிட்டுச் சன்னலைச் சுருக்கினால் எதுவும் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தார். அப்படித்தான் ஆகும். சன்னலைச் சுருக்கினாலோ, திரையைப் பூட்டினாலோ, எடுக்க அங்கே படம் இருக்காது. ஓடும் நேரம் முழுக்கச் சன்னல் திறந்தே இருக்க வேண்டும், திரைப்பூட்டையும் நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று: லேப்டாப்பில் வெளி மானிட்டர் மாட்டி ஓட்டுபவர்கள் மானிட்டரையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் காட்சி சின்னத் திரைக்கு மாறி அளவும் இடமும் கலைந்துவிடும். படி 4 இருந்தால் நிரல் அங்கேயே நிற்கும். கரண்ட் வந்ததும் கோப்பில் உள்ள கடைசி எண்ணிலிருந்து தொடங்கலாம்.