ஓடும் கன்சோலை நகர்த்தாதீர்கள்: கேம் டிஸ்க்கில் வட்டக் கீறல் விழாமல் காப்பது எப்படி?

பழைய கேம் டிஸ்க் வாங்கப் போனால் நான் முதலில் செய்வது, அதைத் திருப்பிப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய கோடுகள் இருந்தால் கவலைப்பட மாட்டேன். காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு முழு வட்டம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கையால் யாரும் அப்படி ஒரு வட்டத்தைப் போட முடியாது. அது கன்சோலுக்குள் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தபோது விழுந்த கீறல்.

புதிய கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் விற்கிறது. மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த டிஸ்க் ஒரே நொடியில் வீணாகப் போவதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவு. புதிதாகக் கன்சோல் வாங்கியவர்களை மனதில் வைத்து, முதலிலிருந்தே சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

இந்தப் பிரச்சினைக்குப் பேர்போன கன்சோல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் வெளிவந்தது. அதில் இருந்தது சாதாரண டிவிடி வேகத்தைப் போல 12 மடங்கு வேகத்தில் படிக்கும் டிவிடி டிரைவ். முழு வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்கு ஆறாயிரம் முறைக்கு மேல் சுற்றும், அதாவது நொடிக்கு நூறு சுற்று. டிஸ்க்கின் விட்டம் 12 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதன் ஓரம் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. அதற்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில், டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் நிற்கிறது.

இனி பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பம்பரத்தை லேசாகத் தட்டினாலும் அது விழாமல் தன் அச்சிலேயே நிற்கப் பார்க்கும். சுற்றும் டிஸ்க்கும் அப்படித்தான். நீங்கள் கன்சோலைச் சாய்க்கிறீர்கள், பெட்டி சாய்கிறது, லென்ஸும் கூடவே சாய்கிறது. டிஸ்க் மட்டும் பழைய நிலையை விட மறுக்கிறது. அதைப் பிடித்திருப்பது நடுவில் ஒரு சின்னக் காந்தப் பிடிப்புதான். அந்தப் பிடி கொஞ்சம் நெகிழ்ந்தாலும் டிஸ்க் ஒரு பக்கம் தாழ்ந்து, லென்ஸைத் தாங்கும் பாகத்தில் உரசிவிடும். அரை நொடி உரசினாலே ஒரே இடத்தில் ஐம்பது முறை தேய்ந்துவிடும். வட்டம் அப்படித்தான் விழுகிறது.

லேப்டாப்பில் மட்டும் ஏன் இது அவ்வளவாக நடப்பதில்லை என்று கேட்கலாம். பழைய லேப்டாப்பில் சிடி போடும்போது நடுவில் அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், நினைவிருக்கிறதா? நடுக் குமிழில் இருக்கும் சிறு குண்டுகள் டிஸ்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும் சத்தம் அது. மடியில் வைத்து அசைப்பார்கள் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு. டிவி பக்கத்தில் நிற்கும் எக்ஸ்பாக்ஸ் 360இல் ட்ரே மேல் டிஸ்க் சும்மா உட்கார்ந்திருக்கும், காந்தம் மேலிருந்து பிடிக்கும்.

இது அமெரிக்காவில் வழக்காகவும் போனது. 2008இல் வெளியான வழக்கு ஆவணங்களின்படி, காந்தத்தை வலுவாக்குவது, சுற்றும் வேகத்தைக் குறைப்பது, சிறு தடுப்புகள் வைப்பது என மூன்று வழிகளை மைக்ரோசாஃப்ட் யோசித்துப் பார்த்து, மூன்றையும் கைவிட்டிருக்கிறது. புகார் சொன்னவர்கள் 0.4 சதவீதம்தான், தவறாகக் கையாண்டதே காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். பின்னால் வந்த இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜூனில் மேல்முறையீட்டு நடைமுறை பற்றிய தீர்ப்போடு நின்றது. டிரைவில் குறை உண்டா இல்லையா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. யார் மீது தப்பு என்று தீர்வதற்காகக் காத்திருந்தால் நம் டிஸ்க்தான் போகும். ஆகவே நம் கையில் இருப்பதைச் செய்வோம்.

படி 1: நகர்த்தும் முன் டிஸ்க்கை வெளியே எடுங்கள்

இதை மட்டும் பழக்கிக்கொண்டால் மீதியெல்லாம் இரண்டாம்பட்சம்.

கேமைச் சேமித்துவிட்டு முகப்புத் திரைக்கு வாருங்கள். டிஸ்க்கை வெளியே தள்ளும் எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். பட்டனை அழுத்தியதும் ‘உய்ங்’ என்ற சத்தம் படிப்படியாகக் குறைந்து அடங்கும், அதன் பிறகுதான் டிஸ்க் வெளியே வரும். ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும் பிடித்து எடுத்து, நேராக அதன் பெட்டியில் வையுங்கள். டிவி மேலேயோ ஸ்பீக்கர் மேலேயோ வைத்துவிட்டு ‘அப்புறம் எடுத்து வைக்கலாம்’ என்று விட வேண்டாம். ட்ரே உள்ள கன்சோல் என்றால் ட்ரேயை மூடுங்கள்.

படி 2: முழுவதுமாக அணையுங்கள்

ஸ்லீப், ரெஸ்ட் மோடு எல்லாம் அணைத்ததாகக் கணக்கில்லை. மெனுவில் போய் முழுவதும் அணையுங்கள். விளக்கு அணைந்த பிறகும் ஒரு அரை நிமிடம் விடுங்கள். பிளேஸ்டேஷன் 3, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்றவற்றில் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது, அதற்கும் ஓடும்போது அசைவு ஆகாது. பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-இலும் உள்ளே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருப்பது சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், அந்தக் கவலை இல்லை. ஆனால் டிஸ்க் டிரைவ் அவற்றிலும் சுற்றத்தான் செய்கிறது.

அதன் பிறகு வயர்களைக் கழற்றுங்கள். முதலில் சுவரில் இருக்கும் பிளக், அடுத்து எச்.டி.எம்.ஐ., மற்றவை. ஒரு வயர் மாட்டியிருக்கும்போதே கன்சோலைத் தூக்கி, பாதி வழியில் வயர் இழுத்துக் கீழே போட்டவர்கள் நிறைய உண்டு.

பக்கத்து அறைக்குத்தானே, பத்தடி தூரம்தானே, டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும் என்று தோன்றும். அணைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். வழியில் ஒரு குலுக்கல் போதும், டிஸ்க் தன் இடத்திலிருந்து விலகிவிடும். அடுத்த முறை பவர் போட்டதும் விலகிய நிலையிலேயே சுற்றத் தொடங்கும்.

படி 3: கன்சோல் ஓடும்போதே சாய்ந்து விழுந்தால்

குழந்தை வயரில் கால் தடுக்கும். நாய் ஓடும். நிமிர்த்தி வைத்த கன்சோல் அப்படியே பக்கவாட்டில் சரியும். உள்ளிருந்து ‘கரகர’வென்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் எல்லாருடைய கையும் அதைத் தூக்கி நிறுத்தத்தான் போகும். தயவுசெய்து தூக்காதீர்கள். விழும்போது ஒரு கீறல் விழுந்திருந்தால், ஓடும்போதே தூக்கி நிறுத்தும்போது இரண்டாவது கீறல் விழும்.

கன்சோல் விழுந்து கிடக்கிற நிலையிலேயே பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். எஜெக்ட் வேண்டாம், ட்ரே சாய்வாகத் திறந்து டிஸ்க் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். சுற்றும் சத்தம் முழுவதும் நின்றதும் மெதுவாக நிமிர்த்துங்கள், பவர் போடுங்கள், உடனே டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள். கேமைத் தொடர்ந்து ஓடவிட்டு ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சோதிப்பது அப்புறம்.

வீட்டில் இருக்கிற எல்லாருக்கும், முக்கியமாகப் பெருக்கித் துடைக்கிறவர்களுக்கும், இந்தப் படியைச் சொல்லி வையுங்கள். தூசி தட்டக் கன்சோலை லேசாகத் தூக்குவது மிகச் சாதாரணமான காரியம். அதில் பச்சை விளக்கு எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

படி 4: நிரந்தர இடம்

படுக்க வைப்பதா நிமிர்த்துவதா என்று முதல் நாளே முடிவு செய்து, அதையே தொடருங்கள். என்னைக் கேட்டால் படுக்க வைப்பதுதான் நல்லது, அது விழாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் அந்தக் கன்சோலுக்கான ஸ்டாண்டில் மட்டும் வையுங்கள். மெத்தை, தலையணை, ஆடும் மேசை, அதிரும் ஸ்பீக்கர் இவற்றின் மேல் வேண்டாம். வயர்கள் நடைபாதையில் குறுக்கே போகக் கூடாது.

படி 5: கேமை ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யுங்கள்

டிஸ்க் எவ்வளவு குறைவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நல்லது. எக்ஸ்பாக்ஸ் 360இல் 2008 நவம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, ஹார்ட் டிஸ்க் இருந்தால் முழுக் கேமையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். கேமைத் திறக்காமல், அதன் பெயரைத் தேர்ந்து ஒய் பட்டனை அழுத்தினால் இன்ஸ்டால் செய்யும் வழி வரும். அதன் பிறகும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் நீங்கள்தான் சொந்தக்காரர் என்று சரிபார்க்கத் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்த 2013 முதல் இது தானாகவே நடக்கிறது. அதனால்தான் புதிய கன்சோல்களில் வட்டக் கீறல் பற்றிய புகார் அவ்வளவாகக் கேட்பதில்லை.

படி 6: கீறலைப் படிப்பது

டிஸ்க்கை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கோடு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வட்டமாகப் போகும் கோடுதான் எமன். இதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க்கில் தகவல் ஒரே நீளமான சுருள் வரியாக எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியை மட்டும் மறைக்கும். அந்தத் துளியைக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும் பிழைதிருத்த ஏற்பாடு டிஸ்க்கிலேயே உண்டு. வட்டக் கீறலோ வரியோடு சேர்ந்தே ஓடுகிறது. டிவிடியில் இரண்டு வரிகளுக்கு நடுவே 0.74 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் கிட்டத்தட்ட நூறு வரிகள் அடங்கிவிடும். நூறு வரிகள் முழுச் சுற்றுக்கும் மறைந்தால், மீட்க எதுவும் மிச்சமில்லை.

துடைக்கும்போதும் இதே கணக்குதான். கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். பிசுக்கு இருந்தால் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம்.

படி 7: கீறல் விழுந்தாகிவிட்டது, இனி?

நகத்தின் நுனியை வட்டத்தின் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டவில்லை என்றால் மேலோட்டமான கீறல். தட்டி நின்றால் ஆழம் அதிகம், வீட்டில் செய்யும் எந்த வைத்தியமும் எடுபடாது.

டிவிடி என்றால் ஒரு வழி இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் தகவல் இருப்பது நடுவில், அதாவது 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கை மெஷினில் மெல்லியதாகச் சீவி மெருகேற்றலாம். பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கை ஒரே சீராகத் தேய்க்காது, பழைய கீறலோடு புதியவையும் சேரும்.

ப்ளூரே டிஸ்க் என்றால், அதாவது பிளேஸ்டேஷன் 3 முதல் வந்த பிளேஸ்டேஷன்களும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதற்குப் பின்னும், மெருகேற்றவே கூடாது. அதில் தகவல் 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது, சீவினால் அடிப்படையே போய்விடும். நல்ல வேளையாக அதன் மேல் ஒரு கடினமான பூச்சு உண்டு, எளிதில் கீறாது. டிஸ்க்கின் படம் போட்ட பக்கத்தையும் மறக்க வேண்டாம், சிடியில் தகவல் அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே விழும் கீறலைச் சரிசெய்யவே முடியாது.

கடைசியாக ஒன்று. கீறல் விழுந்த டிஸ்க் தட்டுத் தடுமாறியாவது ஓடினால், அன்றைக்கே இன்ஸ்டால் போட்டுவிடுங்கள். பாதியில் நின்றால் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று முறையும் அதே சதவீதத்தில் நின்றால், தெரிந்தவர் வீட்டில் இருக்கும் அதே வகைக் கன்சோலில் போட்டுப் பாருங்கள். ஒரு லென்ஸ் படிக்க முடியாததை இன்னொரு லென்ஸ் படித்துவிடுவது உண்டு. அங்கே இன்ஸ்டால் ஓடுகிறது என்றால், அந்தக் கன்சோலின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து யூஎஸ்பிக்கு நகலெடுத்து உங்கள் கன்சோலுக்கு ஏற்றிக்கொள்ளும் வசதி எக்ஸ்பாக்ஸ் 360இல் உண்டு. அதற்குப் பிறகு உங்கள் டிரைவ் அந்த டிஸ்க்கைத் தொடக்கத்தில் அடையாளம் கண்டுகொண்டாலே போதும், கேம் ஓடும்.