கட்டியை எடுத்த கையோடு ஷட்டரைத் தூக்காதீர்கள்

என் வலது தோள்பட்டைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி எட்டு வருடமாக இருந்தது. வலி கிடையாது. மூட்டை சுமக்கும்போது உறுத்த ஆரம்பித்ததும் எடுத்துவிடலாம் என்று போனேன். மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேரம், ஏழு தையல். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். மளிகைக் கடைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதுதான் தப்பு.

மரத்த இடம் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். வலி ஏறும்வரை பொறுக்காமல் டாக்டர் எழுதிய பாராசிட்டமாலைச் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாள் கட்டு நனையக்கூடாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு மேலே ஈரத்துணியால் துடைத்தேன். பனியன் போடக் கையை இவ்வளவு தூக்க வேண்டுமா என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு வாரம் வெறும் சட்டைதான். இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூக்கம்.

ஐந்தாம் நாள் வலி அநேகமாக இல்லை. ஷட்டரைக் கையால் ஒரே தூக்கு. உள்ளே சுரீர் என்றது. சாயங்காலத்துக்குள் தையலுக்கு அடியில் மெத்தென்று வீக்கம். கட்டிதான் திரும்ப வந்துவிட்டது என்று பதறி ஓடினேன். டாக்டர் அழுத்திப் பார்த்தார். கட்டி இருந்த இடம் உள்ளே காலியாக இருக்கிறது, தோளை ஆட்ட ஆட்ட அதில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார். கொஞ்சமாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளுமாம். எனக்கு ஊசி வைத்து எடுத்து, இறுக்கிக் கட்டினார்.

முதுகுத் தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். முகம் என்றால் ஒரு வாரத்துக்குள். எனக்கு 12ஆம் நாள். பிரித்தாயிற்று, தோல் ஒட்டிவிட்டது என்று நம்பாதீர்கள். இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் சிறு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில்தான் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அதனால் டாக்டரைக் கேட்டு இப்படிப் போனேன்: முதலில் நடை, கல்லாவில் உட்கார்ந்து பில். கையைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்தாலும் தோள் இறுகிவிடும் என்பதால் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் இரண்டு கிலோ பை, அப்புறம் ஐந்து கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு வாரம் கழித்துத்தான். ஷட்டரைக் கடைப் பையன் தூக்கினான்.

அம்மா கத்தரிக்காயையும் புளியையும் நிறுத்திவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, முட்டையும் பருப்பும் சேருங்கள், சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள் என்றார். மஞ்சள் பத்து மட்டும் தையல்மேல் வேண்டவே வேண்டாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த பயாப்ஸி ரிசல்ட்டைத் தையல் பிரிக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். நான் மறந்துவிட்டுக் கிளம்ப, பாதி வழியில் என் மனைவி வண்டியைத் திருப்பச் சொன்னாள்.