அக்யூரா டிஎஸ்எக்ஸுக்கு ஜப்பான் முகம்: பம்பர் ஒரு சனிக்கிழமை, ஹெட்லைட் ஒரு மாதம்

நான் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸில். என்னிடம் இருப்பது 2005 மாடல் அக்யூரா டிஎஸ்எக்ஸ். அக்யூரா என்பது ஹோண்டாவின் இன்னொரு பெயர். இந்தக் காருக்கு ஜப்பான் காரின் முன் பம்பரையும் ஹெட்லைட்டையும் மாட்டிய கதை இது. இதே கார் ஜப்பானில் ஹோண்டா அக்கார்ட் என்ற பெயரில் ஓடியது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அக்கார்ட் என்று விற்றது வேறு, பெரிய உடம்புக் கார். அதனால் வெறுமனே 'அக்கார்ட் பம்பர்' என்று தேடாதீர்கள். சிஎல்7 அல்லது சிஎல்9 என்ற சேசிஸ் குறியோடு (கார் எந்த வகை என்று காட்டும் குறி) தேடுங்கள். எனக்கு ஆசை சிஎல்7 யூரோ ஆர் என்ற வேகமான பதிப்பின் மேல்தான், அதன் முகத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு எச் எழுத்துச் சின்னத்துக்காகவே.

அடுத்தது வருடம். டிஎஸ்எக்ஸ் 2006 மாடலில் முகம் மாறியது, ஜப்பான் காரிலும் 2005 கடைசியில் மாறியது. 2004, 2005 வைத்திருப்பவர்கள் மாற்றத்துக்கு முந்தைய பம்பர், கிரில், ஹெட்லைட் மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்குவது நல்லது. பிந்தையதிலிருந்து ஒன்றும் முந்தையதிலிருந்து ஒன்றும் எடுத்தால் இடைவெளி பல்லிளிக்கும்.

பழைய பம்பர் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கீறலைப் பெயின்ட் மூடிவிடும். ஃபெண்டரோடு (முன் சக்கரத்தின் மேல் தகடு) சேரும் இரண்டு ஓரங்களும், பம்பரைக் காரில் மாட்டும் பின்பக்கத்துக் காதுகளும் உடையாமல் இருக்கின்றனவா என்று படம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தால் இடது காது தனியாகக் கீழே கிடந்தது. எபாக்ஸியும் கம்பி வலையும் வைத்து ஒட்டினேன், நிற்கிறது. ஆனாலும் அந்த மூலையில் ஒரு நூல் அளவு இடைவெளி இன்றும் என் கண்ணில் மட்டும் படுகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. இதைத் தவிர்த்தால் பின்னால் வருந்துவீர்கள். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். இருட்டியதும் லோ பீமைப் போட்டு, சுவரில் வெளிச்சம் எங்கே வெட்டுப்பட்டு நிற்கிறது என்று நீல நிற மாஸ்கிங் டேப்பால் கோடு ஒட்டி, ஒரு படம் எடுத்து வையுங்கள். டேப்பை எடுக்க வேண்டாம்.

சரி, கழற்றுவோம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிட்டு மூன்று நிமிடமாவது பொறுங்கள். முன்பக்க ஏர்பேக் சென்சார்கள் அருகில்தான் இருக்கின்றன. போதாததற்கு இந்தக் காரின் எச்ஐடி விளக்கு (வாயுவுக்குள் மின்பொறி பாய்ந்து எரியும் வகை) எரியத் தொடங்கும் கணத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாகும், அதோடு விளையாட்டு கூடாது. மேலே கிரில் ஓரத்துக் கிளிப்புகள், வீல் ஆர்ச்சுக்குள் இரண்டு பக்கமும் திருகுகள், அடியில் மீதிக் கிளிப்புகள். பெரும்பாலும் 10 மிமீ சாக்கெட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். இத்தனை வருடம் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் பாதி உடையும், புதிதாக இருபது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை வெளிப்பக்கமாக இழுத்தால் 'டக்' என்று விடும். அப்போது மறுபக்கத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். என் மச்சான் ஃபோனில் பேசிக்கொண்டே ஒரு கையால் பிடித்தான். ஃபாக் லைட் கனெக்டரைக் கழற்ற மறந்தோம், ஒயர் நல்லவேளையாக அறுந்து போகவில்லை.

இப்போது உள்ளே இரும்புச் சட்டமும் அதன் முன்னால் நுரைப்பட்டையும் தெரியும். அமெரிக்க விதிப்படி காரின் பம்பர் மணிக்கு 2.5 மைல் வேகத்து மோதலைத் தாங்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது இந்தச் சட்டமும் நுரையும்தான். வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக் தோல். எனவே சட்டத்தில் கை வைக்காதீர்கள். புதிய தோல் இடித்தால் நுரையில் மட்டும் கொஞ்சமாகச் சீவுங்கள். எடை குறையும் என்று சட்டத்தையே கழற்றிவிடச் சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை பம்பரை மாட்டிப் பாருங்கள். அடித்த பிறகு சீவுவது வயிற்றெரிச்சல்.

இனி ஹெட்லைட். மாட்டுவது சுலபம்தான்: போல்ட்டுகளைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைக்கலாம். அன்று இரவு நானும் அப்படித்தான் செய்து பெருமையோடு ஒரு சுற்றுப் போனேன். எதிரே வந்த மூன்று பேர் ஹை பீம் அடித்துத் திட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதே சுவர் முன்னால் நிறுத்தியபோதுதான் புரிந்தது. என் டேப் கோடு வலப்பக்கம் மேலே ஏறுகிறது. வெளிச்சமோ இடப்பக்கம் மேலே ஏறுகிறது. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். நடைபாதையும் பலகைகளும் தெரிவதற்காக அங்கே விளக்கு இடது ஓரத்துக்கு ஒளியை உயர்த்தும். அமெரிக்காவில் இடப்பக்கம் வருவது எதிர் வண்டி. நான் டிரைவர்களின் கண்ணுக்கு நேராக விளக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

விளக்கைக் கீழே இறக்கினால் தீரும் என்பார்கள். தீராது. ஏறும் பக்கம் அதேதான், கூடவே உங்களுக்கும் சாலை தெரியாமல் போகும். புரொஜெக்டர் விளக்கில் (லென்ஸ் வழியாக ஒளியைக் குவிக்கும் வகை) இந்த வடிவத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் ஒரு சிறு தகடு. ஆகவே சரியான வழி, உங்கள் அமெரிக்க விளக்கின் புரொஜெக்டரை எடுத்து ஜப்பான் விளக்கின் கூட்டுக்குள் வைப்பது. டிஎஸ்எக்ஸின் புரொஜெக்டர் மிக நல்லது. மற்ற கார்க்காரர்கள் இதைத் தேடி வாங்கித் தங்கள் வண்டியில் வைப்பதுண்டு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கூட்டைத் திறக்கப் பல்பு, பேலஸ்ட் (எச்ஐடி பல்புக்கு மின்சாரம் தரும் பெட்டி), திருகு, கம்பிக் கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏழெட்டு நிமிடம் சூடாக்கினால் ஒட்டுப்பசை இளகும். பசை இளகாத வகையாக இருந்தால் முரட்டுத்தனம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள். நான் சமையலறை ஓவனில் வைத்தேன். வாடை இரண்டு நாள் போகவில்லை. இரண்டாவது விளக்குக்கு அட்டைப்பெட்டியும் ஹீட் கன்னும் பயன்படுத்தினேன், அதுவே மேல். கண்ணாடி போன்ற உள்பூச்சை விரலால் தொடாதீர்கள், ரேகை போகவே போகாது. புரொஜெக்டரை வைத்ததும் ஒட்டாமலேயே ஒருமுறை காரில் எரியவிட்டுக் கோடு சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எனக்கு மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. பிறகு பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய பியூட்டைல் கயிறு (ரப்பர் போன்ற ஒட்டுப்பசை) வைத்து மூடுங்கள். பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், அடைத்தால் உள்ளே ஆவி படியும்.

ஒயரிங்கில் இரண்டு சங்கதி. பல அமெரிக்கக் கார்களில் முன் இண்டிகேட்டர் பல்பே பார்க்கிங் விளக்காகவும் எரியும், இரண்டு இழை, மூன்று ஒயர். ஜப்பான் விளக்கில் இண்டிகேட்டர் ஒற்றை இழை, பார்க்கிங்குக்குத் தனியாகச் சின்ன வெள்ளைப் பல்பு. மல்டிமீட்டரால் எந்த ஒயர் எது என்று பார்த்து, பார்க்கிங் ஒயரை அந்தச் சின்னப் பல்புக்குக் கொண்டு போங்கள். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். அப்புறம், ஜப்பானில் விளக்கை ஏற்றி இறக்கும் வசதி கட்டாயம், அமெரிக்காவில் இல்லை. விளக்கின் பின்னால் அதற்கான மோட்டார் கனெக்டர் சும்மா தொங்கினால் கவலை வேண்டாம். தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள்.

அமெரிக்காவில் முன் ஓரங்களில் ஆரஞ்சு நிறப் பக்க விளக்கும் ஆரஞ்சு பிரதிபலிப்பானும் இருந்தாக வேண்டும். ஜப்பான் விளக்கின் மூலை வெள்ளையாக இருக்கும், அழகே அதுதான். ஆனால் இரவில் குறுக்குச் சாலையில் வருபவருக்கு நம் காரின் மூலையைக் காட்டுவது அந்த ஆரஞ்சு. பம்பரின் இரு ஓரங்களிலும் சிறிய ஆரஞ்சு எல்இடி பக்க விளக்கும், டாட் முத்திரை (அமெரிக்கப் போக்குவரத்து விதிக்குப் பொருந்தும் என்ற குறி) உள்ள பிரதிபலிப்பானும் வைத்தேன். மச்சான் அசிங்கம் என்றான். இருக்கட்டும். இத்தனை செய்தாலும் டாட் முத்திரை இல்லாத ஹெட்லைட் விதிக்கு முழுதாகப் பொருந்தாது என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். டெக்சாஸில் 2025 முதல் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை இல்லை, ஆனால் விளக்கு பற்றிய சட்டம் அப்படியே இருக்கிறது. பழைய விளக்கு ஜோடியை விற்க நினைத்தால், அதில் புரொஜெக்டர் இல்லை என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். நான் ஜப்பான் புரொஜெக்டர்களோடு சேர்த்துப் பரணில் போட்டிருக்கிறேன்.

எல்லாம் மாட்டியதும் மறுபடியும் அதே சுவர், அதே 25 அடி. ஒளிக்கோடு விளக்கின் நடு உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும், ஏற்றம் வலப்பக்கம் இருக்கட்டும். பழைய டேப்போடு ஒத்துப்போனால் முடிந்தது.

கடைசியில் நம்பர் பிளேட். ஜப்பான் பிளேட் 330க்கு 165 மிமீ, துளைகளுக்கு இடையே 210 மிமீ. அமெரிக்கப் பிளேட் 12க்கு 6 அங்குலம், துளை இடைவெளி 7 அங்குலம். எனவே நேராக மாட்டாது. டெக்சாஸில் முன்பக்கப் பிளேட் கட்டாயம் என்பதால் ஓர் அலுமினியப் பட்டையை வாங்கி, ஜப்பான் துளைகளில் அதை முடுக்கி, அதன் மேல் 7 அங்குல இடைவெளியில் துளையிட்டுப் பிளேட்டை மாட்டினேன். பம்பரில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை.