திரைத் தொழிற்பயிற்சி: துறையைத் தேர்வதிலிருந்து முதல் வேலை வரை

படப்பிடிப்புத் தளத்தில் செய்யப்படும் எந்த வேலையும் செய்தவரின் கையிலேயே நின்றுவிடுவதில்லை. கேமரா உதவியாளர் கழற்றிக் கொடுக்கும் மெமரி கார்டு, தரவை நகலெடுப்பவரிடம் போகிறது. அவர் சரிபார்த்த கோப்புகள் படத்தொகுப்பாளரிடம் போகின்றன. தொகுத்து முடித்த படம் ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் பிரிந்து செல்கிறது. ஒருவர் செய்து முடித்தது அடுத்தவருக்கு மூலப்பொருள். ஆகவே திரைப்படம், தொலைக்காட்சி, ஆவணப்படம், விளம்பரம், இணையத் தொடர் என எதில் காலூன்ற விரும்பினாலும், அடுத்தவர் தடையின்றித் தொடரக்கூடிய நிலையில் என் வேலையை ஒப்படைக்க இந்தப் பயிற்சி கற்றுத்தருமா என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரசனை காலப்போக்கில் வளரும். ஆனால் ஒழுங்காக ஒப்படைக்கத் தெரியாத ஒருவரை, அவர் எவ்வளவு ரசனை உள்ளவராக இருந்தாலும், எந்தக் குழுவும் இரண்டாம் முறை அழைக்கத் தயங்கும்.

துறையைத் தேர்வது

இத்துறைக்கு வர விரும்புவோரில் பலர் இயக்கம் அல்லது ஒளிப்பதிவு என்ற இரண்டில் ஒன்றையே சொல்கிறார்கள். வெளியில் தெரியும் பெயர்கள் அவை என்பதே அதற்குக் காரணம். பயிற்சி நிலையத்தைத் தேடுவதற்கு முன், ஏதாவது ஒரு முழுநீளப் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பொறுப்பும் யாரிடமிருந்து எதைப் பெற்று, யாரிடம் எதைக் கொடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஃபோகஸ் புல்லர் (கேமராவின் கூர்மையைச் சரியாக வைத்திருப்பவர்), பூம் (நீண்ட கோலில் மாட்டிய மைக்) பிடிப்பவர், விளக்குக் குழுவின் தலைவர், காட்சித் தொடர்ச்சியைக் குறித்துக்கொள்பவர், ஆடைப் பொறுப்பாளர், தயாரிப்பு நிர்வாகி, ஃபோலி கலைஞர் (காலடி ஓசை போன்ற ஒலிகளைப் பின்னர் நிகழ்த்திப் பதிபவர்) என நீளும் அந்தப் பட்டியலில் உங்கள் இயல்புக்குப் பொருந்தும் இடம் பெரும்பாலும் நீங்கள் இதுவரை கேள்விப்படாத ஒன்றாக இருக்கும்.

இயல்பு என்று நான் சொல்வது திறமையைப் பற்றி அல்ல. நாள் முழுவதும் நின்றபடி, இருபது பேர் சூழ, கடிகாரத்தோடு போட்டியிட்டு வேலை செய்வதில் உற்சாகம் அடைகிறவர் ஒருவர்; மூடிய அறையில் ஒரே உரையாடலை நாற்பது முறை கேட்டு, அதில் ஒரு மூச்சொலியை எங்கே வெட்டலாம் என்று யோசிப்பதில் நிறைவு காண்கிறவர் இன்னொருவர். முதலாமவரைப் படத்தொகுப்பு அறையிலும் இரண்டாமவரைத் தளத்திலும் அமர்த்தினால் இருவருமே சில மாதங்களில் மனம் சோர்வார்கள். ஒரு துறையைத் தேர்ந்தபின் குறைந்தது ஓராண்டாவது அதில் நிலைத்திருங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள துறைகளின் அடிப்படையை மட்டும் கூடவே தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி நிலையத்தை எடைபோடுவது

விளம்பரத்தில் காட்டப்படும் கேமராவின் மாதிரி எண், ஒரு நிலையத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், படிப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் எத்தனை படங்களில் எந்தெந்தப் பொறுப்பில் வேலை செய்வார்கள், அவற்றில் எத்தனை படங்கள் ஒலிக்கலவை வரை முடிக்கப்படுகின்றன என்று நேரில் கேளுங்கள். பாதியில் நின்ற பத்துப் பயிற்சிகளைவிட முடித்து ஒப்படைக்கப்பட்ட ஒரு ஐந்து நிமிடப் படம் அதிகம் கற்றுத்தரும், ஏனெனில் பிழைகள் கடைசிக் கட்டத்தில்தான் வெளிப்படும். பயிற்றுநர்கள் இப்போதும் தொழிலில் இருக்கிறார்களா, ஒலிப்பதிவுக்கென்று தனி ஆசிரியரும் அறையும் உள்ளனவா, வழங்கப்படும் சான்றிதழ் அங்கீகாரம் பெற்றதா, வேலைக்களப் பயிற்சியின்போது மாணவரை மேற்பார்வையிடப் பெயர் குறிப்பிட்ட ஒருவர் இருப்பாரா என்பவையும் அறியப்பட வேண்டியவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்து வெளியேறியவர்கள் மூவரிடம் பேச அனுமதி கேளுங்கள். வேலை உறுதி என்று எழுத்தில் வாக்களிக்கும் நிலையத்தைவிட, அவர்களோடு பேசத் தடையில்லை என்று சொல்லும் நிலையத்தை நான் நம்புவேன்.

கருவி குறைவாக இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1919இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட திரைப்படப் பள்ளி உலகின் முதல் திரைப்படப் பள்ளியாகக் கருதப்படுகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் கச்சாப் பிலிமுக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ், பிலிம் இல்லாமலேயே தம் மாணவர்களைக் கொண்டு காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நிகழ்த்திக் காட்டச் செய்தார். எந்த அசைவு எந்தச் சட்டகத்துக்குள் அடங்கும், ஒரு பார்வைக்கு அடுத்து எது வர வேண்டும் என்பதை அவர்கள் அப்படித்தான் பழகினார்கள். இன்று பையிலிருக்கும் கைபேசி அந்த மாணவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி.

கையில் பழக வேண்டியவை

எந்தத் துறையில் நுழைபவரும் முதலில் ஒலியைப் பழகுவது நல்லது. சற்றே மங்கிய படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். புரியாத உரையாடலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். திறந்த வெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆனால் சுற்றுப்புற இரைச்சல் அப்படியே இருக்கும். அதனால்தான் விலை மிகுந்த மைக்கைத் தள்ளி வைப்பதைவிடச் சாதாரண மைக்கை அருகில் கொண்டுபோவது மேலானது. காணொளிக்கான ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெற்று ஒலியை முப்பது வினாடியாவது தனியே பதியுங்கள். உரையாடல்களுக்கு இடையே படத்தொகுப்பாளர் வெட்டிய இடைவெளிகளை நிரப்ப அந்த முப்பது வினாடிதான் உதவும், அதைப் பிறகு உருவாக்குவது மிகக் கடினம்.

அடுத்தது கிளாப் பலகை. புதிதாக வருபவரிடம் பல தளங்களில் முதலில் கொடுக்கப்படும் பொருள் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகும்போது, பலகையின் மேற்கட்டை கீழே சேரும் அந்த ஒரு பிரேமையும் (அசையும் படத்தை ஆக்கும் ஒற்றை நிழற்படம்) ஒலிப்பதிவில் அந்தத் தட்டல் எழுப்பும் கூர்முனையையும் பொருத்தித்தான் இரண்டும் இணைக்கப்படுகின்றன. வினாடிக்கு 24 பிரேம்கள் என்றால் ஒரு பிரேம் ஏறத்தாழ 42 மில்லி வினாடி. ஒரு சில பிரேம்கள் விலகினாலே உதட்டசைவு பிசகுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பலகை சட்டகத்துக்குள் கூர்மையாகத் தெரிய வேண்டும். காட்சி எண்ணையும் டேக் எண்ணையும் (அந்த ஷாட் எத்தனையாவது முறை எடுக்கப்படுகிறது என்பது) நிதானமாக உரக்கச் சொன்ன பின்னரே தட்ட வேண்டும். தொடக்கத்தில் தட்ட முடியாமல் ஷாட்டின் முடிவில் தட்டினால் பலகையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒலியில்லாமல் எடுக்கும் ஷாட்டுக்குக் கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்துக் காட்டுவது வழக்கம். டைம்கோடு வசதி (படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக்குறியைப் பதிவது) இருந்தாலும் பலகையைக் கைவிடாதீர்கள், ஏனெனில் ஒரு கருவியின் கடிகாரம் பிசகும் நாளில் அதுவே மிஞ்சும் ஒரே ஆதாரம்.

கேமராவில் தொடங்குபவர், திரையரங்கப் படங்களுக்கு வினாடிக்கு 24 பிரேம்கள், தொலைக்காட்சிக்கு நாட்டைப் பொறுத்து 25 அல்லது 30 என்ற வேறுபாட்டை முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். இயல்பான அசைவு தெரிய, ஷட்டர் நேரம் (ஒரு பிரேமில் ஒளி பதியும் நேரம்) பிரேம் நேரத்தில் பாதியாக இருப்பது பொதுவிதி: 24 பிரேமுக்கு 1/48 வினாடி, 25 பிரேமுக்கு 1/50. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் துடிப்பு வரும், அதை நீக்கப் பின்னால் பெரும்பாடு படவேண்டும். விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், சிறிய விளக்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதை ஒரே ஒரு விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்து உங்கள் கண்ணாலேயே பார்த்துப் பழகலாம்.

தரவைக் கையாள்வது மிக எளிதாகத் தோன்றும் வேலை. நடந்த தவறை மீட்க முடியாத வேலையும் அதுவே. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் படம் ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். ஆகவே ஹார்ட் டிஸ்குகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது பழைய விதி, இன்றும் அதற்கு மாற்றில்லை. கோப்புகளை இழுத்துப் போடுவது நகலெடுத்தல் மட்டுமே. மூலமும் நகலும் பிட் அளவில் ஒன்றுதானா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) கொண்டு ஒப்பிடும் மென்பொருளைப் பயன்படுத்தினால்தான் அது சரிபார்த்தல் ஆகும். எந்தக் கார்டையும் அழிக்கும் அனுமதி ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

படத்தொகுப்பைப் பழக டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மூலத்தை மூன்று விதமாகத் தொகுத்துப் பாருங்கள். இறுதிக் கோப்பை அனுப்பும் முன், பெறுபவர் கேட்கும் விவரக்குறிப்பைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரை, நிகழ்ச்சியின் சராசரி ஒலியுணர்வை மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் வைக்கச் சொல்கிறது. அளவு மாறிய கோப்பு திரும்பி வரும்.

தயாரிப்பு நிர்வாகத்துக்குப் போகிறவர்கள் திரைக்கதையைப் பிரித்துப் பட்டியலிடப் பழக வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத் திரைநேரம் எனக் கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பாகங்களாகப் பிரித்து அளப்பார்கள். மறுநாள் யார், எத்தனை மணிக்கு, எங்கே, எதற்காக வர வேண்டும் என்பதை ஒரே தாளில் குழப்பமின்றி எழுதுவது, நான் மதிக்கும் கைத்திறன்களில் ஒன்று.

வேலைக்குள் நுழைவது

சான்றிதழைவிட, நீங்கள் செய்த வேலையைக் காட்டும் ஷோரீலே முதலில் பார்க்கப்படும். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் போதும். மிகச் சிறந்த ஷாட்டை முதல் பத்து வினாடிக்குள் வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் உங்கள் பங்கு என்ன என்பதைத் திரையில் எழுதுங்கள். பிறர் செய்த ஒளியமைப்பை உங்களுடையதாகக் காட்டினால், அது அதைச் செய்தவரின் காதுக்கு எப்படியும் எட்டும்.

முதல் வேலை உதவியாளர் வேலையாகத்தான் இருக்கும், அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் சம்பளம், வேலை நேரம், ஓய்வு இடைவெளி, பெயர்ப்பட்டியலில் இடம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். கற்றுக்கொள்கிறீர்கள் என்ற காரணத்துக்காக மாதக்கணக்கில் ஊதியமில்லாமல் உழைக்கச் சொல்லும் இடத்தை மரியாதையுடன் மறுத்துவிடுங்கள். விளக்கு ஸ்டாண்டின் கால்மேல் மணல் மூட்டை வைக்காமல் யாரும் அதன் கீழ் நிற்கக்கூடாது என்பது போன்ற பாதுகாப்பு விதிகளை, இயக்குநரே அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்கக்கூடாது. நீண்ட இரவுப் படப்பிடிப்புக்குப்பின் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டிச் செல்வதும் அத்தகைய ஆபத்துதான்.

அந்த முதல் வேலையின் படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து, உங்கள் வேலையைப் பெற்றுக்கொண்டவரை, அதாவது படத்தொகுப்பாளரையோ ஒலிக்கலவை செய்தவரையோ அழைத்து, நீங்கள் அனுப்பியதில் எது அவருடைய நேரத்தை வீணாக்கியது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது கோப்பின் பெயர், விட்டுப்போன வெற்று ஒலி, கலங்கித் தெரிந்த பலகை போன்ற ஒரு சிறிய விஷயமாகவே இருக்கும். அதைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, அடுத்த படப்பிடிப்பின் முதல் நாள் காலையில் எடுத்துப் படியுங்கள்.