மழையில் பொங்கும் சாக்கடைக்கு வடிகட்டி: பைலட் (சிறிய அளவில் முன்சோதனை) ஓட்டிப் பார்ப்பது எப்படி?

பழைய அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீட்டுச் சாக்கடைக்கும் மழைத் தண்ணீருக்கும் ஒரே குழாய்தான். கனமழையில் குழாய் தாங்காது. மிஞ்சியது நேரே ஆற்றில் விழும். அதை வடிகட்டியாவது விடலாமே என்று ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற ஊர்கள் பெரிய வடிகட்டிகளைக் கட்டியிருக்கின்றன. எந்த வகை வடிகட்டி வாங்குவது: அமுங்கும் நார்ப்பந்தால் ஆனதா, துணித் தட்டால் ஆனதா? கம்பெனிக்காரர் காட்டும் வண்ணப்படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; பைலட் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் தண்ணீர். பம்பை, மிஞ்சிய சாக்கடை வழிந்து வெளியேறும் அறையிலேயே, கம்பிச் சல்லடைக்குப் பின்னால் இறக்குங்கள். சாக்கடை நீரில் குழாய்த் தண்ணீர் கலந்து ‘மழை’ தயாரிப்பவர்கள் உண்டு. ஆட்களைப் பழக்க அது போதும், முடிவெடுக்கப் போதாது. வெயில் நாட்களில் குழாயின் அடியில் படிந்த வண்டல், கொழுப்பு, ஈரத் துடைப்பான் எல்லாம் மழையின் முதல் வெள்ளத்தில்தான் பெயர்ந்து, கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். வடிகட்டி திணறுவதும் அப்போதுதான்.

நீங்கள் காரை எடுத்து வந்து சேர்வதற்குள் அந்த முதல் வெள்ளம் போய்விடும். ஆகவே ஆட்டோ சாம்ப்ளரை (தானாகவே மாதிரி நீர் பிடிக்கும் கருவி) நீர்மட்ட சென்சாரோடு இணையுங்கள். வடிகட்டிக்குள் போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் முதல் ஒரு மணி நேரம் 10 நிமிடத்துக்கு ஒரு பாட்டில், பிறகு அரைமணிக்கு ஒன்று. பாட்டில்களை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே டிஎஸ்எஸ் (நீரில் மிதக்கும் திடத்துகள்களின் அளவு) பாருங்கள். ஈகோலைக்கு (மலக்கழிவைக் காட்டும் பாக்டீரியா) மட்டும் கிருமி நீக்கிய பாட்டிலில் கையால் பிடித்து ஐஸில் வையுங்கள். 8 மணி நேரத்துக்குள் லேபில் சோதனை தொடங்கியாக வேண்டும். ஞாயிறு ராத்திரி மழைக்கு லேபை யார் திறப்பார் என்று இப்போதே பேசி வையுங்கள்.

சதவீதத்தில் மயங்காதீர்கள். உள்ளே லிட்டருக்கு 300 மில்லிகிராம், வெளியே 45 என்றால் 85 சதவீதம் நீங்கியிருக்கிறது. மழைநீர் கலந்து சாக்கடை நீர்த்த பிறகு உள்ளே 60, வெளியே 24 என்றால் 60 சதவீதம்தான். ஆனால் தெளிவாக வெளியேறுவது இரண்டாவதுதான்! வெளியேறும் அளவை எழுதுங்கள், பக்கத்திலேயே 254 நானோமீட்டரில் யுவி (புற ஊதா ஒளி) நீரில் எவ்வளவு ஊடுருவுகிறது என்பதையும் எழுதுங்கள். பின்னால் கிருமிகளைக் கொல்ல யுவி விளக்கு வைப்பதாக இருந்தால், எத்தனை விளக்கு என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

ஒரு மழைக்கு ஒரே வடிகட்டும் வேகம் போதும். சதுர அடிக்கு நிமிடத்துக்கு எத்தனை கேலன், எவ்வளவு நேரத்தில் ஹெட் லாஸ் (அடைப்பால் ஏற்படும் அழுத்த இழப்பு) ஏறி பேக்வாஷ் (எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுதல்) கேட்கிறது என்று குறியுங்கள். பேக்வாஷ் நீர், மழையில் ஏற்கெனவே நிரம்பி வழியும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே திரும்பிப் போகிறது. வடிகட்டிய மொத்தத்திலிருந்து அதைக் கழிக்காத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மழை விட்டதும் வடிகட்டியைச் சுத்த நீரில் கழுவி, முழுக்க வடித்துவிடுங்கள். அழுக்கோடு கிடந்தால் நாறும். அடுத்த மழையின் முதல் ஹெட் லாஸ் கணக்கும் கெட்டுப்போகும்.